ஆறு மணி மஞ்சள்

ஏப்ரல் 3, வியாழன்

காலை ஆறு மணிக்கு நீச்சல் குளம். குப்பியில் தண்ணீர் பிடித்து இரண்டு சொட்டு மருந்து விட்டதும் நல்ல மஞ்சளாக மாறியது. குளோரின் போதுமான அளவு இருக்கிறது. கையெழுத்துப் போட்டேன்.

மாற்றலாகி இந்தக் கடற்கரை ஊருக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. சுகாதார ஆய்வாளர் என்று பேர். காலையில் நீச்சல் குளம், அப்புறம் சாக்கடை, மத்தியானம் ஓட்டல் அடுப்படி, சாயங்காலம் கொசு. சாக்கடையை இங்கே வாறுகால் என்கிறார்கள். பேர் நன்றாகத்தான் இருக்கிறது. நாற்றம் மட்டும் எங்கள் திண்டிவனத்து நாற்றம்தான்.

குளத்தை யாரோ குத்தகைக்கு எடுத்திருக்கிறார்கள். பார்த்துக்கொள்வது இருதயராஜ். வயது அறுபதை நெருங்குகிறது. முன்பு கடலில் முங்கிச் சங்கு எடுத்தவர். ஆழத்தில் இடது காது போய்விட்டது. வலது பக்கம் உட்கார்ந்தால்தான் நாம் பேசுவது அவருக்குக் கேட்கும். பிளாஸ்கில் கருப்பட்டிக் காப்பி கொண்டுவருகிறார். எனக்கென்று ஒரு கண்ணாடி டம்ளரைத் தனியாகக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறார். வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னேன். மூன்றாவது முறை சொல்லவில்லை.

குளத்தைத் தினமும் சோதிக்க வேண்டும் என்று எனக்கு உத்தரவு கிடையாது. வாரம் ஒருமுறை போதும். போகிற வழிதானே என்று போகிறேன். சரியாகச் சொன்னால் அது போகிற வழியும் இல்லை, கொஞ்சம் சுற்று.

ஏப்ரல் 7, திங்கள்

கோடைக்கால நீச்சல் வகுப்பு தொடங்கிவிட்டது. பிள்ளைகளுக்குச் சாயங்காலம் நான்கு மணிக்கு.

கீழ் வீட்டு பிளாரன்ஸ் மாடி ஏறி வந்து, மகள் ஷெர்லினைச் சேர்க்கலாமா, தண்ணீர் எப்படி என்று கேட்டாள். வீட்டுக்காரர் கப்பலில் வேலை. ஒற்றைப் பிள்ளை. ஒன்பது வயது. பெற்றவள் பயப்படத்தானே செய்வாள்? "தண்ணிய தினமும் நானே பாக்கறேன். தைரியமா அனுப்பும்மா" என்றேன். சொல்லும்போது கொஞ்சம் பெருமையாக இருந்ததை மறைப்பானேன். இந்த ஊரில் என்னிடம் ஒருவர் வந்து யோசனை கேட்டது இதுதான் முதல் தடவை.

சாயங்காலம் ஷெர்லின் ஈரத்தலையோடு பொரித்த மீன் கொண்டுவந்து கொடுத்தாள். மாடி ஆன்ட்டி என்று கூப்பிடுகிறாள்.

ஏப்ரல் 9, புதன்

குளத்துக்குப் பின்னால் சிப்பித் தெரு. அங்கே வாறுகால் ஓரமாக ஒரு குழி இருக்கிறது. குளத்து வடிகட்டியைக் கழுவும் தண்ணீர் தினமும் மத்தியானம் ஒரு குழாய் வழியாக அதில்தான் விழும். தேங்கிக் கிடப்பதால் கொசுவுக்குக் கொண்டாட்டம். இன்று கொசுப்புழு தின்னும் மீனை அதில் விட்டேன்.

பிப்ரவரியிலும் விட்டேன். மறுநாளே அத்தனையும் வயிற்றை மேலே காட்டி மிதந்தன. குளத்துத் தண்ணீரில் இருந்த குளோரின்தான் காரணம். நேராக உள்ளே போய், உங்க பூல் தண்ணி என் மீனக் கொன்னுடுச்சு என்று இருதயராஜிடம் கத்தினேன். அவர் சிரிக்கவில்லை. துக்க வீட்டில் நிற்பதுபோல் நின்றார். அன்றைக்குத்தான் முதல் காப்பி கிடைத்தது.

சிப்பித் தெருப் பிள்ளைகள் பாதிப்பேர் நான்கு மணி வகுப்பில் இருக்கிறார்கள். கால் தரையில் படாமல் திரிகிறார்கள்.

ஏப்ரல் 11, வெள்ளி

தம்பி இன்றும் போன் செய்யவில்லை. அங்கே டவர் சரியில்லை போலிருக்கிறது.

ஏப்ரல் 15, செவ்வாய்

மீன்கள் பிழைத்துவிட்டன! குழாய் வாய்க்குப் பக்கத்திலேயே கும்பலாக நிற்கின்றன. புழு ஒன்றைக்கூடக் காணோம். இருபத்தாறு வருட வேலையில் சாக்கடையைப் பார்த்து நான் சிரித்தது இன்றுதான்.

காலையில் இருதயராஜிடம் சொன்னதும் அவர் முகமும் மலர்ந்தது. "ஒங்க மீனு இனிமே சாவாது மேடம்" என்றார். எப்படி அவ்வளவு நிச்சயமாகச் சொல்கிறீர்கள் என்று கேட்கலாம் என்றிருந்தேன். அதற்குள் ஆழத்தில் சங்கு எப்படி மணலில் ஊர்ந்துபோன தடம் வைக்கும் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். கேட்டுக்கொண்டே இருந்ததில் நேரம் போய்விட்டது.

மஞ்சள் இன்று போன வாரத்தைவிட அடர்த்தி.

ஏப்ரல் 18, வெள்ளி

பெரிய வெள்ளி. ஊரே கோயிலில். குளம் பூட்டியிருக்கும் என்று தெரியும். தெரிந்தும் ஆறு மணிக்குப் போய் கேட்டைப் பார்த்துவிட்டு வந்தேன். கால் பழகிவிட்டது.

வீட்டில் கருப்பட்டி வாங்கி வந்து காப்பி போட்டுப் பார்த்தேன். வாயில் வைக்க முடியவில்லை. துணி துவைத்தேன், மிக்ஸியைக் கழற்றித் துடைத்தேன், சாயங்காலம் வரை ஒரு வார்த்தை பேசவில்லை என்பது பால்காரர் வந்தபோதுதான் தெரிந்தது. தொண்டை கட்டியதுபோல் குரல் வந்தது.

ஏப்ரல் 22, செவ்வாய்

சிப்பித் தெருவில் ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. இருவருக்குக் காதில் சீழ். எங்கள் மேலதிகாரி, நகர்நல அலுவலரான டாக்டர், போன் செய்தார். டாக்டர் நல்ல மனிதர்தான், ஆனால் எதையும் நேற்றே முடித்திருக்க வேண்டும் என்பார்.

வாறுகால்தான் காரணம், வேறென்ன? போய்ப் பார்த்தேன். கல்யாண மண்டபத்து இலை, மீன் செதில், குழந்தைத் துணி எல்லாம் அடைத்துக்கொண்டு கிடக்கிறது. குடிநீர்க் குழாய் அதன் ஓரத்திலேயே ஓடுகிறது. தலையில் அடித்துக்கொண்டேன்.

ஏப்ரல் 24, வியாழன்

தெரு முழுக்க வாறுகாலைத் தூர் வாரினோம். வாரிய சேறு அவரவர் வாசலில். கேட்க வேண்டுமா? ஒரு அம்மாள் இடுப்பில் கைவைத்து, எங்க பிள்ளைய சாக்கடையிலயா வெளையாடுது, இத்தன வருசமா இதே வாறுகாதான கெடக்கு என்று பிடித்துக்கொண்டாள். சுத்தம் சுகாதாரம் என்று நானும் பதிலுக்குக் கத்தினேன். பிளீச்சிங் பவுடர் நெடியில் எனக்கே கண் எரிந்தது.

இத்தனை வருடமாக இதே வாறுகால்தான். அவள் சொன்னது சரிதான். அதனால் என்ன, எல்லாவற்றுக்கும் ஒரு நாள் வரும்.

ஏப்ரல் 28, திங்கள்

தெருக் குழாய்த் தண்ணீரின் சோதனை முடிவு வந்துவிட்டது. எல்லாம் சுத்தம். பிள்ளைகள் மட்டும் இன்னும் விழுந்துகொண்டிருக்கிறார்கள்.

ஷெர்லினுக்கும் நேற்றிலிருந்து வயிற்றுப்போக்கு. எங்கள் தெரு எங்கே, சிப்பித் தெரு எங்கே? நடுவில் ரயில் பாதையே இருக்கிறது. வெளியில் எங்காவது குச்சி ஐஸ் வாங்கித் தின்றிருக்கும். வீதியில் ஐஸ் விற்பவர்களை நாளைக்கு ஒரு பிடி பிடிக்க வேண்டும்.

ஏப்ரல் 30, புதன்

டாக்டர், நீச்சல் குளத்தைப் பார்த்தீர்களா என்று கேட்டார். தினமும் காலையில் பார்க்கிறேன் சார், நல்ல மஞ்சள் சார் என்றேன். தினமுமா என்று ஆச்சரியப்பட்டார். உங்களைப்போல் நாலு பேர் இருந்தால் போதும் என்றார்.

ஐஸ் வண்டிக்காரர் இருவரை மடக்கினேன். அவர்கள் ஐஸிலும் ஒன்றும் இல்லை.

மே 2, வெள்ளி

ஷெர்லினை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். உடம்பில் தண்ணீரே இல்லையாம். குளுக்கோஸ் ஏறுகிறது. நரம்பு கிடைக்காமல் இரண்டு கையிலும் குத்தியிருக்கிறார்கள். வேலை முடிந்ததும் ஆரஞ்சுப் பழத்தோடு போனேன். பிளாரன்ஸ் நாற்காலியிலிருந்து எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள். தூக்கமில்லை, பாவம்.

பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்தது. பேச்சு கொடுப்பதற்காக, குணமானதும் நீச்சலுக்குப் போவாயா என்றேன். "மொதல்ல கண்ணு எரியும் ஆன்ட்டி. இப்பல்லாம் எரியவே எரியாது. அடியில டைல்ஸ் வழுவழுன்னு இருக்கும், சறுக்கி வெளையாடலாம்" என்றாள்.

ஆரஞ்சை உரித்துக் கொடுத்தேன். அவளால் சாப்பிட முடியவில்லை.

மே 3, சனி

குளம். மஞ்சள். காப்பி.

மே 4, ஞாயிறு

விடுமுறைதான். மீனைப் பார்த்துவிட்டு வரலாம் என்று மத்தியானம் சிப்பித் தெருப் பக்கம் போனேன். வேறு காரணம் இல்லை.

வடிகட்டி கழுவும் நேரம். குழாயிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. கொட்டுகிற தண்ணீருக்கு நேர் கீழே மீன்கள் துள்ளி விளையாடுகின்றன. குட்டி போட்டிருக்கின்றன. கண்ணும் வாலுமாக நூற்றுக்கணக்கில் குட்டிகள்.

பிப்ரவரியில் இதே குழாய்த் தண்ணீர் ஒரே நாளில் எல்லாவற்றையும் கொன்றது.

வெயிலில் எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. ஒரு வீட்டிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். அன்றைக்குச் சண்டை போட்ட அம்மாள்தான். மயக்கம் வருதா என்று கேட்டாள். மீன் நல்லா இருக்கு என்று என்னவோ உளறிவிட்டு வந்தேன்.

மே 5, திங்கள்

காலை ஆறு மணிக்குப் போனேன். மஞ்சள், ரொம்ப நல்ல மஞ்சள். இருதயராஜ் டம்ளரை நீட்டினார். கேட்டிருக்க வேண்டும். காப்பியைக் குடித்துவிட்டு வந்தேன்.

நாள் முழுக்க வேலை ஓடவில்லை. நான்கரை மணிக்கு மறுபடி போனேன். இந்த ஊருக்கு வந்து சாயங்காலம் அந்தக் குளத்தைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. தண்ணீர் தெரியாத அளவுக்குப் பிள்ளைகள். ஒரே கூச்சல். இருதயராஜ் என்னைப் பார்த்ததும் கண் விரிய எழுந்து, முதல் காரியமாக டம்ளரைக் கழுவ ஓடினார்.

குப்பியில் பிடித்து இரண்டு சொட்டு விட்டேன். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. இன்னும் இரண்டு விட்டேன். அப்படியே இருந்தது. மருந்து பழசாகியிருக்குமோ என்றார். வாசல் குழாயில் பிடித்து விட்டுக் காட்டினேன். அது இளமஞ்சள் ஆனது.

பிள்ளைகளை வெளியே ஏற்றச் சொன்னேன். விசிலை எடுத்து ஊதினார். ஏற மாட்டோம் என்று அடம் பிடித்ததுகள். கடைசியில் அவரே முங்கிப் போய் ஒவ்வொன்றாக அள்ளிக் கரையில் போட்டார். ஈரத்தோடு வந்து என் முன்னால் நின்றார். வலது பக்கமாகப் போய், மத்தியானம் குளோரின் போடுவதே இல்லையா என்று கேட்டேன்.

"முன்னாடி போட்டேன் மேடம். மீனு செத்துப்போச்சுன்னு நீங்க அன்னைக்கு அவ்ளோ வெசனப்பட்டீங்கல்லா. அதான் நீங்க மறுபடி மீன் விட்டதும் மத்தியானம் போடுறத நிப்பாட்டிட்டேன். எல்லாத்தையும் சேத்து விடியக்காலயில போட்டுருவேன். நாள் முழுக்கக் கெடக்கும்னு நெனச்சேன்."

பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நல்ல மஞ்சளா வந்தா ஒங்க மொகம் தெளிஞ்சிரும் மேடம். அத வச்சுத்தான் எனக்கு அன்னைக்குப் பொழுது."

வெயில் ஒரு பக்கம், நூறு பிள்ளைகள் ஒரு பக்கம். காலையில் போட்டது மத்தியானத்துக்குள் தீர்ந்துவிடும். இது அவருக்குத் தெரியாமல் போகலாம். எனக்குத் தெரியும். பரீட்சை எழுதி வேலைக்கு வந்தவள் நான். வேறு எந்தக் குளமாக இருந்தாலும் நேரம் மாற்றி மாற்றிப் போயிருப்பேன். இங்கே காப்பி ஆறு மணிக்கு.

மே 6, செவ்வாய்

குளத்துக்குப் பூட்டு. அறிவிப்பை நானே கேட்டில் ஒட்டினேன். கீழே என் பேர்: ஆ. வேதவல்லி, சுகாதார ஆய்வாளர். இந்த ஊரில் என் பேரை முழுதாக எழுதிப் பார்ப்பது இதில்தான்.

இருதயராஜ் பசை வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றார். யாருடைய பிள்ளை ஆஸ்பத்திரியில் என்று மட்டும் கேட்டார். சொன்னேன்.

மே 8, வியாழன்

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தினமும் ஒரே நேரத்துக்கு ஏன் போனீர்கள் என்று கேட்டார். பழக்கம் சார் என்றேன். அவர் கேட்டது அதைத்தான், நான் சொன்னதும் உண்மைதான், ஆனால் பதில் அது இல்லை.

எனக்கு விளக்கம் கேட்டு மெமோ வரும். வரட்டும். குத்தகைக்காரர் இருதயராஜை அனுப்பிவிடப் போகிறேன் என்று குதிக்கிறார். அவர் என் பேச்சைக் கேட்டுத்தான் செய்தார், தவறு சோதனை செய்தவளுடையது என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். டாக்டர் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பிளாரன்ஸிடமும் சொல்ல வேண்டும்.

மே 9, வெள்ளி

சொன்னேன். அவள் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். "தைரியமா அனுப்பும்மான்னு சொன்னீங்களேக்கா" என்று மட்டும் சொன்னாள். ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்து அழுதேன். ஆயா ஒருத்தி, எந்த வார்டு, யாருக்கு என்ன ஆச்சு என்று விசாரித்தாள். எனக்கு அங்கே யாரும் இல்லை என்று சொன்னேன்.

மே 12, திங்கள்

ஆய்வக முடிவு வந்தது. குளத்துத் தண்ணீரில் மலக் கிருமி. சந்தேகம் இருந்ததா என்ன?

மே 13, செவ்வாய்

குளத்தில் குளோரினை அளவுக்கு மேல் போட்டு, ஊறவிட்டு, தேய்த்து, தண்ணீரை முழுக்க வெளியேற்ற வேண்டும். வேறு வழியில்லாமல் அந்தக் குழி வழியாகத்தான் வாறுகாலுக்குப் போகும். போனால் மீன் ஒன்றுகூட மிஞ்சாது. வலையும் வாளியுமாகக் காலையிலேயே போனேன். எனக்கு முன்னால் இருதயராஜ் முழங்கால் சேற்றில் இறங்கி நின்றார். நான் சொல்லவில்லை, அவராக வந்திருக்கிறார்.

அவர் அள்ள, நான் வாளியைப் பிடிக்க, ரொம்ப நேரம் வேலை நடந்தது. குட்டிகள் வலையில் நிற்காமல் நழுவின. உள்ளங்கையைக் குவித்து ஒவ்வொன்றாக எடுத்தார்.

அவருடைய இடது பக்கம் நின்றுகொண்டிருந்தேன். "அண்ணாச்சி, நான் தண்ணி பாக்க வரல. காப்பிக்குத்தான் வந்தேன். நீங்க பேசறத கேக்கத்தான் வந்தேன். அந்த நேரத்த விட்டா எனக்கு அன்னைக்கு முழுக்கப் பேச்சுத் துணை கெடையாது" என்றேன்.

அவர் திரும்பவில்லை. குழியின் மூலையில் மிச்சமிருந்த குட்டிகளைத் தேடிக்கொண்டிருந்தார். வலது பக்கம் போய் நின்று சொல்லியிருக்கலாம். போகவில்லை.

மீன்களைக் கோயில் தெப்பக்குளத்தில் விட்டோம்.

மே 19, திங்கள்

ஷெர்லின் வீட்டுக்கு வந்துவிட்டாள். கீழே அவள் சிரிப்பது கேட்டது. அப்பாடா என்று படுத்தேன். காதிலும் சீழ் வைத்திருந்ததாம், அதற்கு மட்டும் இன்னும் சொட்டு மருந்து விடுகிறார்களாம். படியில் என்னைப் பார்த்துக் கையசைத்தாள். பிளாரன்ஸ் பிள்ளையைத் திட்டவில்லை. கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டாள்.

சிப்பித் தெருவில் புதிதாக யாருக்கும் வரவில்லை.

மே 25, ஞாயிறு

தம்பி போன் செய்தான். மகளுக்கு வரன் பேசி முடித்தாகிவிட்டதாம். நிச்சயதார்த்தமும் நடந்துவிட்டதாம். உனக்கு லீவு கிடைக்காதேன்னு சொல்லலக்கா என்றான். ஆமாம், கிடைத்திருக்காது.

ஜூன் 2, திங்கள்

குளம் திறந்தது. இனி மூன்று வேளை குளோரின் போட வேண்டும். சோதனைக்கு நான் எந்த நேரத்திலும் வருவேன். நானே எழுதிய திட்டம், டாக்டர் ஒப்புதல் கொடுத்துவிட்டார். மெமோவுக்கும் பதில் போய்விட்டது. மேலே என்ன செய்வார்களோ செய்யட்டும்.

இருதயராஜின் வேலை தப்பியது. திட்டத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். வலது காதைத் திருப்பிக் கேட்டுக்கொண்டார். முடிந்ததும் அவரே சொன்னார்:

"நீங்க எப்ப வருவீங்கன்னு இனிமே எங்கிட்டச் சொல்லாதீங்க மேடம். தெரிஞ்சா கை தன்னால பவுடர் டப்பாவுக்குப் போயிரும். நான் காத்துக் கெடக்கக் கூடாது."

சரி அண்ணாச்சி என்றேன். வெளியே வந்த பிறகுதான் முழுதாக உறைத்தது. இந்த ஊரில் எனக்காகக் காத்திருந்தவர் ஒரே ஒருவர். அவரும் காத்திருக்கக் கூடாது என்று நானே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

ஜூன் 5, வியாழன்

மத்தியானம் இரண்டு மணி. மஞ்சள் சரியாக இருந்தது. கேட்டில் வேறு ஆள். இருதயராஜ் சாப்பிடப் போயிருந்தார்.

ஜூன் 7, சனி

ஆறு மணிக்கு விழிப்பு வந்தது. எட்டு வரை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

ஜூன் 11, புதன்

இன்று ஐந்து மணிக்குப் போனேன், சாயங்காலம். வகுப்பு முடிந்து பிள்ளைகள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். எல்லாக் கண்ணும் சிவப்பு. எரியுது எரியுது என்று கசக்கிக்கொண்டே போனதுகள். நன்றாக எரியட்டும். இரண்டு சொட்டு விட்டேன். மஞ்சள் வந்தது. அடர்த்தி இல்லை, எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு.

இருதயராஜ் என் முகத்தைப் பார்க்காமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். கையெழுத்துப் போட்டுவிட்டுப் பையை எடுத்தேன். அப்போது அலமாரியைத் திறந்து பிளாஸ்க்கையும் டம்ளரையும் வெளியே வைத்தார். தினமும் விடியற்காலையில் காப்பி போட்டுக் கொண்டுவருகிறாராம். நான் வராத நாளில் கேட்டை அடைக்கும்போது செடிக்கு ஊற்றிவிடுவாராம்.

"காலையில போட்டது மேடம். ஆறிப்போயிருக்கும்" என்றார்.

ஆறித்தான் போயிருந்தது. வலது பக்கம் உட்கார்ந்து முழுவதும் குடித்தேன்.

நாளைக்குப் போகலாம் என்றிருக்கிறேன். எத்தனை மணிக்கு என்று இதில்கூட எழுதப் போவதில்லை.